இறுதிப் பயணத்துப் பாடல்கள்



பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் கனடா நாட்டு ராக் இசைக்குழு ஒன்றின் பாடல்களைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமா என்று உங்களில் சிலருக்குத் தோன்றக்கூடும். ராக் என்றாலே இரைச்சல் என்று ஒதுக்கிவிடும் மனப்போக்கு நம்மிடையே முற்றிலும் அகன்றுவிட்டதாகச் சொல்வதற்கில்லை. இசையை எடைபோடும் தகுதி எனக்கு இல்லை. சொல்லைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன். ஒரு கவிஞன் சாகப்போகிறான் என்பது தெரிந்துவிட்ட பிறகு, அவன் நெடுங்காலத்துக்கு முன்பே எழுதிவைத்த கவிதைகளை நாம் எவ்வாறு வாசிக்கிறோம்? அப்படி வாசிப்பது அக்கவிதைகளுக்கு நியாயம் செய்கிறதா? இந்த இரண்டு வினாக்களையும் என்னுள் எழுப்பியது ஓர் ஆவணப்படம்.

'லாங் டைம் ரன்னிங்' என்பது அப்படத்தின் பெயர். ஜெனிபர் பைச்வால், நிக்கலஸ் டி பென்சியர் ஆகிய இருவரும் இயக்கியது. 2017 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 'தி டிராஜிக்கலி ஹிப்' என்னும் குழு 2016ஆம் ஆண்டு மேற்கொண்ட கடைசிச் சுற்றுப்பயணத்தை அது பின்தொடர்கிறது. ஒன்டாரியோ ஏரிக்கரையில் உள்ள கிங்ஸ்டன் நகரத்தில் 1984இல் தொடங்கிய குழு அது. 1986க்குப் பின் முப்பது ஆண்டுகளாக அதன் ஐவரில் ஒருவர்கூட மாறவில்லை. தங்கள் நாட்டில் அவர்களைப் பாடாத வாய் இல்லை. எல்லையைக் கடந்து அமெரிக்காவுக்குள் போனால் அந்தப் புகழில் சிறுபகுதியும் கிடையாது. ஊர்ப்பெயர்களையும் உள்ளூர்ச் செய்திகளையும் அடிக்குறிப்பு இல்லாமல் பாட்டில் வைத்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது என்று நான் எண்ணுவதுண்டு.

பாடல்களை எழுதிப் பாடியவர் கோர்ட் டவுனி. 2001இல் கவிதைத் தொகுதி ஒன்றும் வெளியிட்டவர். 2015 டிசம்பரில் அவருக்கு மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. குணமாகாத நோய். 2016 மே மாதத்தில் அச்செய்தியை உலகறிய அறிவித்தார்கள். பயணத்துக்குப் புறப்படப்போவதையும் அதே மாதத்தில் அறிவித்தார்கள். மேற்குக் கரையில் விக்டோரியா நகரில் ஜூலை 22இல் தொடங்கி, ஆகஸ்ட் 20இல் சொந்த ஊரான கிங்ஸ்டனில் முடிந்த அப்பயணத்தில் மொத்தம் 15 கச்சேரிகள். அப்போது டவுனிக்கு வயது 52.

படத்தில் என்னை மிகவும் கலங்கவைத்தவை ஒத்திகைக் காட்சிகள். அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் அவருடைய நினைவாற்றலைக் குலைத்திருந்தன. தாமே எழுதித் தாமே ஆயிரம் முறை பாடிய அடிகள் அவருக்கு நினைவில் இல்லை. ஒவ்வொரு பாட்டையும் புதிதாகக் கற்பவரைப்போல் மீண்டும் கற்கவேண்டியிருந்தது. மேடையில் அவர் கண்படும் இடங்களில் எல்லாம் வரிகளைக் காட்டும் திரைகள் வைக்கப்பட்டன. அந்த ஆண்டு அக்டோபரில் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றுக்கு வந்தபோது, பேட்டி காண்பவரின் பெயரைத் தம் கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இந்த நிலையில் இருந்த மனிதர், ஊருக்கு ஊர் ஒரே பாடல் வரிசையைப் பாடித் தப்பித்துக்கொள்ளவில்லை. இரவுக்கு இரவு வெவ்வேறு இசைத்தொகுப்புகளிலிருந்து கொத்துக் கொத்தாகப் பாடல்களை எடுத்துப் பாடினார்கள்.

நாம் மனப்பாடத்தை மிக உயர்வாக மதிக்கிற மரபில் வந்தவர்கள். நெஞ்சில் நிற்பதுதான் கவிதை என்று சொல்லிப் பழகியவர்கள். எழுதியவனுடைய நெஞ்சிலேயே நில்லாதுபோன கவிதையை என்னென்று சொல்வது? அரங்கத்தில் இருந்த பல்லாயிரவருக்கு ஒவ்வோர் அடியும் தெரிந்திருந்தது. மேடையில் நின்ற ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை. அவர் திரையைப் பார்த்துப் படித்தார். அவர்கள் பாராமல் பாடினார்கள். கவியரங்குகளில் தாளைப் பார்த்துப் படிப்பவரை இளக்காரமாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தக் காட்சிக்குப் பின் எனக்கு அந்த இளக்காரம் வரவில்லை.

நமது புறத்திணை மரபில் கையறுநிலை என்றொரு துறை இருப்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தன்னைப் புரந்த தலைவன் மாய்ந்தபின் பாணன் கையற்றுப் பாடுவது அது. இந்தப் பயணத்தில் முறை மாறிக் கிடந்தது. பாணன் உயிரோடு நின்று பாடிக்கொண்டிருக்க, கேட்க வந்தவர்கள் கையற்று நின்றார்கள். படத்தின் ஒளிப்படக்கருவி அந்த முகங்களின்மேல் திரும்பத் திரும்பச் செல்கிறது. அழுகின்ற முகங்கள், பாடுகின்ற முகங்கள், அழுதுகொண்டே பாடுகின்ற முகங்கள். படத்தின் குறை என்று நான் கருதுவதும் இதுதான். ஒரு பாட்டின் அடியும் ஒரு ரசிகரின் கண்ணீரும் அடுத்தடுத்து வைக்கப்படும்போது, அந்த அடி டவுனியின் மரணத்தைப் பற்றியதாகவே நம் காதில் விழுகிறது. ஒன்றிரண்டு பாடல்களுக்கு இது நேர்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம். எல்லாப் பாடல்களுக்கும் நேர்ந்தால், ஒரு மனிதரின் முப்பதாண்டுக் கவிதை உழைப்பு முழுதும் ஒரு மருத்துவ அறிக்கைக்கு எழுதிய உரையாகச் சுருங்கிவிடும்.

எடுத்துக்காட்டாக, கிங்ஸ்டன் கச்சேரியின் தொடக்கத்தில் பாடப்பட்ட பாடல்களைப் பார்ப்போம். மூன்றுமே 1992இல் வெளிவந்த 'ஃபுல்லி கம்ப்ளீட்லி' என்னும் இசைத்தொகுப்பில் உள்ளவை. முதலில் 'ஃபிஃப்டி மிஷன் கேப்'. பில் பாரில்கோ என்னும் ஐஸ் ஹாக்கி வீரரைப் பற்றிய பாடல் அது. 1951 ஏப்ரலில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு ஸ்டான்லி கோப்பையைப் பெற்றுத்தந்த கடைசி கோலை அடித்தவர் அவர். அதே ஆண்டு ஆகஸ்டில் மீன்பிடிக்கப் போன இடத்திலிருந்து சிறு விமானம் ஒன்றில் திரும்பும்போது காணாமற்போனார். 1962இல் அந்த அணி மறுபடி கோப்பையை வென்றது. அந்த ஆண்டு ஜூனில்தான் விமானத்தின் சிதைவும் அவருடைய எச்சங்களும் காட்டுக்குள் கண்டெடுக்கப்பட்டன. பாடல் இச்செய்தியை எந்த அணியும் இல்லாமல், சிறுவர்கள் சேகரிக்கும் வீரர் அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்ட குறிப்பைப் போலவே சொல்கிறது. உவமை இல்லை, உருக்கம் இல்லை. தகவல் மட்டும். தலைப்பில் வரும் தொப்பி போர்க்கால விமானிகளுடையது. ஐம்பது முறை பறந்து திரும்பியவனின் தொப்பிபோல் தோன்றவேண்டும் என்று புதியவர்கள் தங்கள் தொப்பியைக் கசக்கி நைந்துபோகச் செய்துகொள்வார்களாம். வீரனைப் பற்றிய பாட்டுக்குப் போலி வீரத்தின் அடையாளத்தைத் தலைப்பாக வைத்த அந்தக் குறும்பை நம் கவிஞர்கள் கவனிக்கவேண்டும்.

அடுத்தது 'கரேஜ்'. துணிவு என்று பொருள். நோயுற்ற ஒருவர் மேடையேறி இத்தலைப்பைக் கொண்ட பாட்டைப் பாடினால் அரங்கம் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை விளக்கவேண்டுவதில்லை. ஆனால் பாடலைப் படித்துப் பாருங்கள். துணிவைப் போற்றும் பாடல் அன்று அது. துணிவு உரிய வேளையில் வந்து சேராமற்போவதையே அது பேசுகிறது. ஹியூ மெக்லென்னன் என்னும் கனடிய நாவலாசிரியருக்குக் காணிக்கையாக்கப்பட்ட பாடல். அவருடைய 1959ஆம் ஆண்டு நாவலிலிருந்து உரைநடைப் பகுதி ஒன்றை எடுத்துத் தழுவி, எதுகை இல்லாமல், மூச்சு முட்டும் வேகத்தில் பாட்டின் இறுதியில் வைத்திருக்கிறார் டவுனி. நாவலை வாசித்த ஒருவன் அதனோடு நடத்திய வாதம் அது. அதைக் கேட்டு அழுதவர்களை நான் குறைகூறவில்லை. அந்த இரவில் அங்கே இருந்திருந்தால் நானும் அழுதிருப்பேன். அந்த அழுகை பாட்டின் பொருள் ஆகிவிடாது என்பதே என் வாதம்.

மூன்றாவது பாடலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 'வீட் கிங்ஸ்', அதாவது கோதுமை மன்னர்கள். லூன் என்னும் நீர்ப்பறவையின் குரலோடு தொடங்கும் அமைதியான பாட்டு. 1969இல் சஸ்கடூன் நகரில் ஒரு பெண் கொலையுண்டார். அந்த வழியே பயணம் வந்திருந்த டேவிட் மில்கார்ட் என்னும் பதினாறு வயது இளைஞர்மேல் பழி விழுந்தது. 1970இல் ஆயுள்தண்டனை. மகன் குற்றமற்றவன் என்று அவருடைய தாய் இருபதாண்டுகளுக்கு மேல் போராடினார். 1992 ஏப்ரலில் மில்கார்ட் விடுதலையானார். அதே ஆண்டு இந்தப் பாடல் வெளிவந்தது. மரபணுச் சோதனை அவரை முற்றிலும் குற்றமற்றவர் என்று நிறுவியது 1997இல். உண்மைக் குற்றவாளி 1999இல் தண்டிக்கப்பட்டான். பாடலில் மில்கார்ட் பெயர் இல்லை. நீதிமன்றமும் வழக்கறிஞரும் வாதங்களும் இல்லை. சிறிய ஊரின் உறக்கமும், முன்னாள் பிரதமர்களின் படங்கள் தொங்கும் சுவரும், தேசிய ஒலிபரப்பில் நேரங்கழித்து வரும் ஒரு செய்தியும் இருக்கின்றன. ஒருவனுடைய இளமை முழுவதும் சிறையில் கழிந்தபோது ஊர் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லாமற் சொல்லும் முறை அது. சினம் கொண்ட கவிதை தன் குரலைத் தாழ்த்திக்கொண்டால் என்ன வலிமை பெறும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து அண்மைக்கால ஆங்கிலப் பாடல்களில் இல்லை.

பாட்டில் வருகிற அதே தேசிய ஒலிபரப்பு நிறுவனம்தான் கிங்ஸ்டன் கச்சேரியை விளம்பர இடைவெளி இன்றி நாடு முழுவதற்கும் ஒளிபரப்பியது. ஒரு கோடியே 17 இலட்சம் பேர் பார்த்ததாக அந்நிறுவனம் கணக்குச் சொன்னது. அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அத்தனை பேரும் அன்று கேட்டவற்றுள், நிரபராதி ஒருவனை அந்த நாடு மறந்துபோனதைச் சொல்லும் பாட்டும் ஒன்று. எத்தனை பேர் அதை அவ்வாறு கேட்டார்களோ!

டவுனிக்கு இந்த ஐயம் இருந்திருக்கவேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். ஏனெனில் அன்றிரவு அவர் செய்த ஒரு செயல் வேறு எவ்வகையிலும் எனக்கு விளங்கவில்லை. பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ அரங்கில் அமர்ந்திருந்தார். தம்மைப் பற்றி உருக்கமாக நாலு வார்த்தை பேசி விடைபெற்றிருக்கலாம். அவர் பிரதமரை நேரே குறிப்பிட்டு, நாட்டின் வடபகுதியில் வாழும் பூர்வகுடி மக்களின் துயரத்தைப் பற்றிப் பேசினார். அவர்களைக் கண்டுகொள்ளாதிருக்கவே நாம் பழக்கப்பட்டுவிட்டோம் என்னும் பொருள்படப் பேசினார். நாட்டின் கண்ணெல்லாம் தம்மேல் இருந்த அந்த நேரத்தில், அந்தப் பார்வையைப் பிடித்து வடக்கே திருப்பினார். அந்த அக்டோபரில் 'சீக்ரெட் பாத்' என்னும் அவருடைய தனித்தொகுப்பு வெளிவந்தது. 1966இல் கெனோரா அருகே இருந்த உறைவிடப் பள்ளியிலிருந்து தப்பி, நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலுள்ள தன் வீட்டுக்கு இரயில்பாதை வழியே நடந்துபோக முயன்று, வழியில் குளிரில் இறந்துபோன சானி வென்ஜாக் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கதை அது. நோய் வருவதற்கு முன்பே, 2013இலேயே ஒலிப்பதிவு ஆனது. பூர்வகுடிகளின் கதையை வெள்ளையர் ஒருவர் பாடலாமா என்ற கேள்வி நியாயமான கேள்விதான். பூர்வகுடி மக்களின் தேசியப் பேரவை அந்த டிசம்பரில் அவரை அழைத்துத் தங்கள் மரபுப்படி அவருக்குப் பெயர் சூட்டியது என்பதையும் சேர்த்தே அந்தக் கேள்வியை எழுப்பவேண்டும்.

இவ்வளவும் சொன்னபிறகு, அவர் தம்மைப் பற்றிய துயரத்தையே வெளிக்காட்டாதவர் என்று எண்ணிவிடக்கூடாது. கிங்ஸ்டனில் 'கிரேஸ், டூ' என்னும் பாட்டின் முடிவில் அவர் சொல்லை விட்டுவிட்டுக் கதறினார். அது நடிப்பன்று. சொற்களெல்லாம் தீர்ந்த இடத்தில் வந்த ஓலம். அதற்கு விளக்கம் சொல்ல முற்படுவது அநாகரிகம். அவர் எழுதிய உண்மையான கையறுநிலைப் பாடல் வேறொன்று: 1991இல் வந்த 'ஃபிட்லர்ஸ் க்ரீன்'. தம் உடன்பிறந்தாளின் சின்னஞ்சிறு மகன் இறந்ததற்காக எழுதியது. அதைப் பல ஆண்டுகள் மேடையில் பாடாமலே வைத்திருந்தார்கள். துயரத்தை வைத்துக் கைதட்டு வாங்கக்கூடாது என்ற கூச்சம் அந்தக் குழுவுக்கு இருந்ததாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசி இரவின் கடைசிப் பாட்டு 'அஹெட் பை எ செஞ்சுரி', 1996இல் வந்தது. மரமேறி விளையாடும் இளம்பருவத்தைப் பற்றிய எளிய பாட்டு. ஒத்திகையைக் குறிக்கும் அடி ஒன்று அதில் உண்டு. அதற்கு முன் நாம் படத்தில் பார்த்த ஒத்திகைகளை நினைத்துக்கொண்டு கேட்டால் அந்த அடி தாங்கமுடியாததாகிவிடுகிறது. இங்கே மட்டும் என் வாதம் சற்றுத் தளர்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. சில அடிகள், எழுதியவன் அறியாமலே, அவனுக்காகக் காத்திருக்கின்றன.

டவுனி 2017 அக்டோபர் 17இல் மறைந்தார்; படம் திரையிடப்பட்டு ஐந்து வாரங்கூட ஆகவில்லை. 2021இல் 'சஸ்கடெல்ஃபியா' என்றொரு சிறு தொகுப்பு வெளியாயிற்று. ஆறு பாடல்கள். ஐந்து, 1990இல் பதிவுசெய்யப்பட்டு வெளியிடப்படாமல் கிடந்தவை. இருபத்தாறு வயதுக் குரல் அவற்றில் கேட்கிறது. அந்தக் குரலில் நோயைத் தேடுபவருக்கு ஏமாற்றமே. ஆறாவது 2000 டிசம்பரில் மாண்ட்ரியால் மேடையில் பாடியது. பாட்டின் பெயரும் 'மாண்ட்ரியால்' என்பதே. 1989 டிசம்பர் 6ஆம் நாள் அந்நகரத்துப் பொறியியல் கல்லூரியில் சுட்டுக்கொல்லப்பட்ட பதினான்கு பெண்களை நினைத்து எழுதியது.