தீப்பெட்டி, பாத்திரம், கணக்கு நோட்டு

(ஏரலில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இக்கால ஓவியத்திலிருந்தும் வரைகலையிலிருந்தும் வகுப்பறைக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் கணிதம் நடத்துபவர். ஓவியத்துக்குத் தனி ஆசிரியர் இல்லாத பள்ளிகளே நம்மில் பலருக்கும் வாய்த்திருக்கின்றன. கலைத்திருவிழா வந்தாலும், ஆண்டு விழா வந்தாலும், ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்புக்குப் படஅட்டை செய்ய வேண்டியிருந்தாலும், தூரிகையைக் கையில் எடுப்பது நாம்தான். ஆகவே ஓவியம் கற்காத ஆசிரியருக்கும் பயன்படுகிற வகையில் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். புதிதாக ஒன்றைச் செய்யும் ஊக்கம், ஏற்கெனவே ஒருவர் செய்து வைத்த பொருளை நின்று பார்ப்பதிலிருந்து பிறக்கிறது. பார்த்தால் மட்டும் போதாது, மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எவ்வளவு இடத்துக்குள் செய்தார்? யாருக்காகச் செய்தார்? எந்தக் கருவியால் செய்தார்? இந்த மூன்றையும் கேட்கப் பழகிய பிள்ளை, ‘எனக்கு வரைய வராது சார்’ என்று சொல்வதை மெல்ல விட்டுவிடுகிறது. அழகாக வரைவது என்ற ஒரே வேலையைத் தவிர, யோசிப்பது என்ற இன்னொரு வேலையும் அங்கே இருப்பது அதற்குத் தெரிந்துவிடுகிறது.

முதல் கேள்விக்கு ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்துக் கோவில்பட்டியும் சிவகாசியும் தீப்பெட்டிக்குப் பெயர் பெற்றவை. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். பெட்டி செய்தால் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டும். லேபிள் தேவையை ஒட்டி அச்சுத் தொழில் வளர்ந்தது. இன்று நாட்டின் பல பகுதிகளுக்கும் நாட்காட்டி அச்சிட்டு அனுப்பும் ஊராகச் சிவகாசி ஆனதில் அந்தச் சிறு தாளுக்கும் பங்குண்டு.

அந்த லேபிள் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீளம், மூன்றரை சென்டிமீட்டர் அகலம். அதற்குள் ஒரு படம், ஒரு பெயர், தயாரிப்பாளர் விவரம், விலை, இத்தனையும் இருக்க வேண்டும். வாங்குபவர் பெயரைப் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம். ‘அந்தச் சிறுத்தை போட்ட பெட்டி கொடுங்க’ என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆகவே படம் ஒன்றுதான் இருக்கும். பின்னணி பெரும்பாலும் ஒரே நிறமாக இருக்கும். சிறுத்தையின் உடம்பில் எல்லாப் புள்ளிகளும் இருக்காது, அது சிறுத்தை என்று சொல்லும் அளவுக்கே இருக்கும்.

இதை வகுப்பில் செய்து பார்க்கலாம். அதே அளவுக்குத் தாளை நறுக்கிக் கொடுங்கள். இரண்டு நிறம் மட்டும். அறிவியலில் ‘ஒளிச்சேர்க்கை’ நடத்தியிருந்தால், அதற்கு ஒரு லேபிள். வரலாற்றில் ‘கொற்கைத் துறைமுகம்’ என்றால் அதற்கு ஒன்று. முழுப் பக்கத் தாளைக் கொடுத்தால் என்ன வரைவது என்று திகைக்கும் பிள்ளைக்கு, சின்னத் தாள் அச்சம் தருவதில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும்போதே பாடத்தின் மையம் எது என்று அது யோசித்தாக வேண்டும். பாடம் புரிந்ததா என்று பார்க்கத் தனித்தேர்வு தேவையில்லை. இலையையும் சூரியனையும் வரைந்து நீரை விட்டுவிட்ட லேபிளைப் பார்த்தாலே, மறுநாள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

இரண்டாவது கேள்வி, யாருக்காக என்பது. இதற்குச் சான்று நம் எல்லோருக்கும் பழக்கமானது. தேர்தல் பணிக்குப் போகாத ஆசிரியர் இந்த அறையில் குறைவு. வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் பெயருக்கு அருகே இருக்கும் சின்னங்களை நாம் பல முறை பார்த்திருக்கிறோம். 1951-52-ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நாட்டில் எழுத்தறிவு பெற்றிருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். அன்று வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைத்து, பெட்டியின்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் பிறர் உதவியின்றித் தன் வாக்கைத் தானே செலுத்த அந்தப் படம் வழி செய்தது.

சுயேச்சைகளுக்கு ஒதுக்கும் சின்னங்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கத்தரிக்கோல், அலமாரி, பலூன். எல்லாம் வீட்டிலும் கடையிலும் புழங்கும் பொருள்கள். கறுப்புக் கோடு மட்டும். நிழல் இல்லை, அலங்காரம் இல்லை. மங்கலான வெளிச்சத்திலும், கண்பார்வை குறைந்த முதியவருக்கும், ஒன்று இன்னொன்றாகத் தெரியக் கூடாது. இது ஒரு நாட்டின் பெரிய வரைகலைப் பணி. அதன் கீழே ஓவியரின் கையெழுத்து இல்லாததால் நாம் அதை ஓவியமாக எண்ணுவதில்லை.

மெக்சிகோ நகரிலும் இப்படி ஒன்று நடந்தது. அங்கே 1969-ல் மெட்ரோ ரயில் தொடங்கியபோது, லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளர் நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படச்சின்னம் அமைத்தார். படிக்கத் தெரியாதவரும், மொழி தெரியாத வெளியூர்க்காரரும் படத்தை அடையாளம் வைத்து இறங்கிவிடலாம். நம் பள்ளியிலும் இதைச் செய்யலாமே. ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைக்கு எழுத்து தெரியாது. குடிநீர்த் தொட்டி, கழிப்பறை, சத்துணவுக் கூடம், நூலகம் ஆகியவற்றுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சின்னம் வரையட்டும். வரைந்ததை முதல் வகுப்புக் குழந்தைகளிடம் காட்டி, ‘இது என்ன இடம்?’ என்று கேட்கட்டும். குழந்தை தவறாகச் சொன்னால் மாற்ற வேண்டியது படத்தை. ஆசிரியர் மதிப்பெண் போட வேண்டிய அவசியமே இல்லாத தேர்வு அது.

மூன்றாவது, எந்தக் கருவியால் என்ற கேள்வி. இதற்கு நம் ஏரல் கடைத்தெருவே போதும். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் அதில் பெயர் வெட்டிக்கொண்டு போவார்கள். பெயர் வெட்டுபவரின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? அவருக்குக் கோடு இல்லை, புள்ளிதான். புள்ளி புள்ளியாக வைத்து ‘ழ’வின் வளைவைக் கொண்டுவருகிறார். ஓலைச்சுவடியில் எழுதியவர்களுக்கு இதற்கு நேர்மாறான நிலை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிடும் வழக்கம் இருந்தது. கருவி மாறினால் எழுத்தின் முகம் மாறுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல சான்று இல்லை.

இதிலிருந்து ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கலாம். வீட்டில் பாட்டியின் பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயரைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து வரச் சொல்லுங்கள். சிலவற்றில் இன்று நாம் எழுதாத பழைய ‘லை’, ‘ணை’, ‘னா’ இருக்கும். தமிழ்நாடு அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. பழைய வடிவம் இருந்தால் பாத்திரம் பெரும்பாலும் அதற்கு முந்தையது. தமிழ்ப் பாடம், வரலாறு, ஓவியம் மூன்றும் ஒரு தாளில் வந்துவிடும். பாட்டியின் பெயரை முதல் முறையாக எழுத்தெழுத்தாகப் பார்க்கும் பிள்ளையும் இருக்கும்.

இப்படி எழுத்தையே படமாகப் பார்த்துப் பெரிய வேலை செய்தவர்கள் நம்மிடையே உண்டு. ஓவியர் கே.எம்.ஆதிமூலம் காந்தியைத் தொடர்ச்சியாகக் கோட்டோவியங்களில் வரைந்தவர். அதே கையால் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தலைப்பெழுத்து எழுதினார். அச்சு எழுத்தின் ஒழுங்கு அவற்றில் இருக்காது. தூரிகையின் வேகம் தெரியும். நூலகத்தில் அவர் எழுதிய அட்டை ஒன்று கிடைத்தால் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

ரூபாய்க் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 ஜூலை 15-ல் மத்திய அரசு அதை ஏற்றது. வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துருக்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். தேவநாகரி ‘ர’வையும், நெடுங்கோடு நீக்கிய ரோமன் ‘ஆர்’ எழுத்தையும் ஒன்றாக்கி, மேலே இரண்டு கோடுகள் வைத்தார். ஒவ்வொரு நாளும் கரும்பலகையில் நான் எழுதும் குறி அது. இலாப நட்டக் கணக்கு நடத்தும் நாளில், ‘இந்தக் குறியில் எத்தனை எழுத்து ஒளிந்திருக்கிறது?’ என்று கேட்டு ஐந்து நிமிடம் ஒதுக்குவேன். பிறகு தங்கள் பெயரின் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஒரு குறி செய்யச் சொல்வேன். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகள் அன்று முன்வரிசைக்கு வருவதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

கணித ஆசிரியருக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். 1966-ல் சோழமண்டல் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றவர். ‘சொற்களும் குறிகளும்’ என்ற அவருடைய ஓவிய வரிசை இந்திய நவீன ஓவியத்தில் பெரிதும் பேசப்படுவது. படத்தின் பரப்பெங்கும் எழுத்துகள், எண்கள், ஜாதகக் கட்டம் போன்ற குறிகள் நிறைந்திருக்கும். அந்த எண்ணம் அவருக்கு 1963-ல் ஒரு மாணவரின் கணக்கு நோட்டைப் புரட்டியபோது தோன்றியது. எண்களும், இரு மொழி எழுத்துகளும், வடிவியல் படங்களும் கலந்து கிடந்த பக்கம் அவர் கண்ணுக்கு ஓவியமாகத் தெரிந்தது. நாம் சிவப்பு மையோடு நாள்தோறும் கட்டுக்கட்டாகத் திருத்துகிற அதே நோட்டுதான், நண்பர்களே.

இனி, இதெல்லாம் பிள்ளைகளின் வாழ்க்கைக்கு எங்கே உதவும் என்ற கேள்வி வரும். நம் ஊரில் அதற்கு விடை சொல்ல 2023 டிசம்பரே போதும். 17, 18 தேதிகளில் பெய்த மழை நமக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணி பெருகி ஏரல் கடைத்தெருவுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. மின்சாரம் இல்லை, கைபேசி இல்லை. பிள்ளைகளின் புத்தகங்கள் சேறாயின.

பள்ளி மீண்டும் திறந்த பிறகு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், அடுத்த முறை வெள்ளம் வந்தால் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சுவரொட்டி தயாரிக்கச் சொன்னேன். முதலில் வந்தவை எல்லாம் பத்துப் பதினைந்து வரி எழுத்து. ஓரத்தில் பூ, நடுவில் மழை. அப்போது அவர்களிடம் இதே மூன்று கேள்விகளை வைத்தேன். யார் பார்ப்பார்கள்? ‘ஆச்சி’ என்றார்கள். ஆச்சிக்குப் படிக்கத் தெரியுமா? எப்போது பார்ப்பார்? ராத்திரி, கரண்ட் இல்லாத நேரத்தில். எங்கே ஒட்டுவீர்கள்? கதவுக்குப் பின்னால் என்றாள் ஒரு மாணவி. அங்கே தண்ணீர் ஏறுமே என்றான் இன்னொருவன். எவ்வளவு ஏறியது என்று அவரவர் வீட்டுச் சுவரில் நின்ற சேற்றுக்கோட்டை ஸ்கேலால் அளந்து வந்தார்கள். அதற்கு மேலே ஒட்டுவது என்று முடிவானது.

இரண்டாம் முறை வந்த சுவரொட்டிகளில் நான்கே படங்கள் இருந்தன. ரேஷன் கார்டும் ஆதாரும் போட்ட பிளாஸ்டிக் பை, மாத்திரை டப்பா, டார்ச் விளக்கு, மாடிப்படி. தடித்த கறுப்புக் கோடு, மஞ்சள் பின்னணி. மழையில் நனையாமலிருக்க மேலே பாலித்தீன் தாள். வரைந்தவர்களில் இரண்டு பேர் அதுவரை ஓவிய நோட்டே வாங்காதவர்கள். தீப்பெட்டி லேபிளும் தேர்தல் சின்னமும் கற்றுத் தந்தது அந்தச் சுவரொட்டியில் அப்படியே இறங்கியிருந்தது. தன் வீட்டு ஆச்சிக்குப் புரிந்ததா என்று கேட்டுவரச் சொன்னேன். ‘மாடிப்படி நமக்கு ஏதுலே, பள்ளிக்கூடம்னு போடு’ என்று ஒரு ஆச்சி திருத்தியிருக்கிறார். ஓட்டு வீட்டில் இருப்பவர் சொன்ன அந்தத் திருத்தத்தை நானோ வகுப்போ யோசித்திருக்கவில்லை. அந்தப் படம் மாற்றப்பட்டது.

சில நடைமுறைச் செய்திகளோடு முடிக்கிறேன். கடையில் விற்கும் ஆயத்த அட்டைகளும், கைபேசிச் செயலிகளில் கிடைக்கும் வார்ப்புகளும் நேரத்தை மிச்சப்படுத்தும். அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றையும் மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கு உட்படுத்துங்கள். பின்வரிசைப் பிள்ளைக்குப் படிக்க முடியாத அட்டை எவ்வளவு வண்ணமாக இருந்தாலும் வகுப்புக்கு ஆகாது. அடுத்து, பார்த்துக் கற்பது வேறு, படியெடுப்பது வேறு. ஓர் ஓவியரிடமிருந்து அவர் முடிவெடுத்த விதத்தை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய படத்தை எடுத்துத் தன் பெயர் போடக் கூடாது. இதைப் பிள்ளைகளிடம் சிறு வயதிலேயே சொல்லிவிட வேண்டும். யார் வரைந்தது என்று கேட்கும் பழக்கத்தையும் உண்டாக்க வேண்டும்.

இதற்கெல்லாம் தனிப் பாடவேளை தேவையில்லை. வாரம் ஒரு நாள் ஐந்து நிமிடம் போதும். வகுப்பறையின் ஒரு மூலையில் கயிறு கட்டி, பிள்ளைகள் கொண்டுவரும் லேபிள், பேருந்துச் சீட்டு, மஞ்சள் பை, மிட்டாய்த் தாள், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் வாரம் ஒன்றாகத் தொங்கவிடுங்கள். எவ்வளவு இடத்துக்குள், யாருக்காக, எந்தக் கருவியால் என்று அவர்களே பேசட்டும். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வகுப்பில் செய்த தீப்பெட்டி லேபிள் ஐந்தைக் கொண்டு வாருங்கள். ஒரு மேசையில் பரப்பி வைத்துப் பார்ப்போம்.