அணையாத விளக்கு அணைந்து தோன்றுவதேன்?



விடியற்காலையில் எங்கள் தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் நின்றால், உப்பு மூட்டைகளும் சரக்குப் பெட்டகங்களும் ஏற்றிய லாரிகள் உதயசூரியனை எதிர்நோக்கிச் செல்வதைக் காணலாம். அத்தகைய லாரியொன்றின் பின்புறத்தில் ஒரு நாள் ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளுடன் மோதிவிட்டார். உயிருக்கு ஊறில்லை, கால் முறிந்தது. பின்னால் வந்த காரின் கேமரா அதைப் பதிவு செய்திருந்தது. அதிலிருந்து எடுத்த ஒரு படம் ஊரெங்கும் கைப்பேசிகளில் உலாவிற்று. அப்படத்தில் லாரியின் பின்விளக்கு இருண்டிருந்தது. விளக்கில்லாமல் வண்டி ஓட்டியவர் என்று ஓட்டுநர்மீது பழி விழுந்தது.

அவர் என்னிடம் படித்தவர். "விளக்கு எரிந்தது ஐயா, புறப்படுமுன் நானே இறங்கிப் பார்த்தேன்" என்றார். படத்தை விடுத்து, முழுக் காணொளியையும் வாங்கிப் பார்த்தேன். விளக்கு எரிவதும் அணைவதுமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

பழைய பல்பினுள் இருப்பது உலோக இழை. மின்சாரம் நின்றாலும் சூடு ஆறச் சிறிது பொழுதாகும்; அதுவரை ஒளி தங்கும். எல்.இ.டி. விளக்கோ மின்சாரம் நின்ற அக்கணமே இருண்டுவிடும். பல வண்டிகளில் ஒரே சிவப்பு விளக்கு, பின்விளக்காகும்போது மங்கலாகவும், பிரேக் பிடிக்கும்போது முழுப் பிரகாசமாகவும் எரிய வேண்டும். மங்கச் செய்ய எளிய வழி, மின்சாரத்தைக் குறைப்பதன்று. அதை வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை விட்டுவிட்டுச் செலுத்துவதே. நம் கண் அவ்வளவு விரைவான துடிப்பைப் பிரித்தறியாது. மங்கிய, நிலையான ஒளியாகவே கொள்ளும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். விளக்கு வினாடிக்கு 200 முறை துடிப்பதாகவும், ஒவ்வொரு துடிப்பிலும் கால் பங்கு நேரமே எரிவதாகவும் கொள்வோம். ஒரு துடிப்புக்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் 5 பங்கு நேரம். அதில் எரிவது ஒன்றேகால், இருண்டிருப்பது மூன்றேமுக்கால். கேமரா வினாடிக்கு 30 படம் எடுக்கிறது. எதிரே வானம் வெளுத்திருந்தால், ஒவ்வொரு படத்துக்கும் அது தன் கண்ணை ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரமே திறக்கும். அந்த இரண்டு பங்கு முழுவதும் இருட்டில் விழுந்துவிட்டால் விளக்கு அணைந்ததாகவே பதிவாகும். அடுத்த படத்தில் எரிவதாக அமையலாம். இரண்டும் மாறி மாறி வருவதே காணொளியில் நாம் காணும் துடிப்பு. வேகங்கள் சரியாகப் பொருந்திவிட்டால், வினாடிக்கு 210 துடிப்புப்போல, தொடக்கமுதல் முடிவுவரை அணைந்தே தோன்றவும் கூடும். நள்ளிரவில் கேமரா நெடுநேரம் கண் திறப்பதால் இக்கோளாறு பெரும்பாலும் குறையும்.

இக்கரையில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. சங்கு குளிப்போர் இன்றும் உளர். தோணியைச் சுற்றி அவர்கள் மூழ்கியும் எழுந்தும் தொழில் செய்கையில், கரையில் ஒருவன் ஒரு நொடி மட்டும் கண் திறந்து மூடினால், கடலில் ஒருவருமில்லை என்று சாதிக்கக்கூடும். பொய் சொன்னவனல்லன், பார்த்த கணம் அப்படி.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இரவில் சாலையோரம் நின்று, மங்கலாக எரியும் எல்.இ.டி. பின்விளக்கின் குறுக்கே பார்வையை விரைவாக ஓட்டுங்கள். துடிக்கும் விளக்காயின் சிவப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். பழைய பல்பாயின் ஒரே கோடாகத் தெரியும்.

மறுநாள் அதே லாரியை அதே சாலையில், அதே வேளையில் நிறுத்தி, விளக்கை எரியவிட்டு, இளைஞரின் தந்தையையும் அழைத்துக் கைப்பேசியில் படமெடுத்தோம். அவர் கண்ணுக்கு விளக்கு நின்று எரிந்தது; திரையில் துடித்தது. திரையையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஓட்டுநரின் தோளில் கை வைத்தார். ஆனால் ஊரிலுள்ள கைப்பேசிகளில் அந்த இருண்ட படம் இன்னும் இருக்கிறது.