பழைய வீடும் புது வாழ்வும்

மாணவ நண்பர்களே,

நூறாண்டு பழமையான ஒரு வீட்டை இடித்துவிட்டுப் புதிது கட்டுவதா, அதனையே செப்பனிட்டு இக்கால வாழ்வுக்கு ஏற்றதாக்கிக் கொள்வதா என்னும் வினா, சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இன்று பல குடும்பங்களின் முன் நிற்கிறது. முடிவு செய்வோர் பெரியவர்களே. ஆயினும் அம்முடிவோடு நெடுங்காலம் வாழப்போகிறவர்கள் நீங்கள். ஆதலின் இதனை உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் பகுதியின் வசதியுள்ள வேளாண் குடும்பங்கள் தொட்டிக்கட்டு வீடுகளைக் கட்டின. வெளியே திண்ணை; உள்ளே ஆசாரம்; நடுவே வானம் பார்த்த முற்றம்; அதனைச் சூழ்ந்து தாழ்வாரமும் அறைகளும். சேலத்தில் குகை, அம்மாபேட்டை முதலிய பகுதிகளில் நெசவாளரின் வீடே தொழிற்கூடமாகவும் விளங்கியது. குழித்தறிக்கு இடம் விட்ட பின்னரே படுக்கைக்கு இடம் பார்த்தனர்.

இவ்வீடுகள் அழகுக்காக மட்டும் இவ்வாறு அமைந்தவை அல்ல. பகலில் வெப்பமுற்ற காற்று முற்றத்தின் வழியே மேலெழுகிறது. அவ்விடத்தை நிரப்ப, நிழலிலுள்ள தண்ணிய காற்று அறைகளின் ஊடே வருகிறது. இரவில் குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கித் தங்குகிறது. கள்வருக்கும் மழைக்கும் அஞ்சி முற்றத்தைத் தகரத்தால் மூடிவிட்டு, பின்னர் புழுக்கம் தாங்காமல் குளிர்பதனப் பெட்டி வாங்குவோரைப் பார்க்கிறோம். மேலே இரும்புக் கம்பி வலை போட்டிருந்தால் காவலும் கிடைத்திருக்கும், காற்றும் கிடைத்திருக்கும்.

சுவரின் செய்தி இன்னும் நுட்பமானது. சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் கிடைப்பதை நீங்கள் அறிவீர்கள். அக்கல்லைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறுகிறது. எஞ்சியதை நீரில் நீற்றி, மணல் சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசினார்கள். பூசிய சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று மீண்டும் கல்லாகிறது. வேதியியல் நூலில் நீங்கள் படிக்கும் பாடந்தான் உங்கள் பாட்டனார் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

அச்சாந்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அவற்றின் வழியே வெளியேறி உலர்ந்துவிடும். என் பழைய மாணவர் ஒருவர், பரம்பரை வீட்டைப் புதுப்பிக்கும் ஆர்வத்தில், சுண்ணாம்புச் சுவர் முழுவதும் சிமெண்டு பூசி, அதன்மேல் எண்ணெய்ச் சாயமும் அடித்தார். ஓராண்டு சுவர் பளபளத்தது. பிறகு வெளியேற வழியற்ற ஈரம் உள்ளேயே தங்கியது, உப்புப் பூத்தது, பூச்சு பாளம் பாளமாகச் செங்கல்லோடு பெயர்ந்து விழுந்தது. பொருள் குறைவால் அன்று, வீட்டின் இயல்பை அறியாமையால் விளைந்த கேடு இது.

அவ்வாறாயின் எதனையும் மாற்றலாகாதோ? மாற்றத்தான் வேண்டும். பழைய வீட்டில் எல்லாம் நன்று என்று கூறுவது உண்மைக்கு மாறானது. பல வீடுகளின் அடுக்களை இருண்டது, புகை சூழ்ந்தது. அங்கேயே பெண்களின் வாழ்நாள் கழிந்தது. மாதத்தில் சில நாட்கள் அவர்களை ஒதுக்கி வைக்க ஒரு மூலையும் இருந்தது. திண்ணை வழிப்போக்கருக்கு நிழல் தந்தது என்று புகழ்கிறோம். எல்லா வழிப்போக்கரும் அதில் அமர முடிந்ததா என்றும் கேட்க வேண்டும். திண்ணையைக் காப்போம், அதில் யார் அமரலாம் என்ற பழைய விதியை ஒழிப்போம். அடுக்களைக்குச் சாளரம் வைப்போம். குளியலறையையும் கழிப்பறையையும் பழைய சுவர் நனையாதவாறு பின்கட்டில் அமைப்போம். மின்கம்பிகளைச் சுவரைக் கொத்திப் புதைக்காமல் குழாயிலிட்டு மேலே கொண்டு செல்வோம். தாத்தாவின் நெற்குதிர் இருந்த அறை பேத்தியின் படிப்பறை ஆகட்டும்.

இதற்கு எடுத்துக்காட்டுகள் தொலைவில் இல்லை. மோகனூரில் 1888இல் பிறந்த கவிஞர் இராமலிங்கம் பிள்ளை நாமக்கல்லில் வாழ்ந்த வீடு, இன்று அவர் நினைவில்லமாகவும் நூலகமாகவும் விளங்குகிறது. வீட்டின் பணி மாறியது, வீடு நிலைத்தது.

தமிழகத்தின் பிற பகுதிகளையும் புதுவையையும் நோக்குவோம். புதுச்சேரியின் வைசியாள் வீதியில், 2002 முதல் 2004 வரை நடைபெற்ற ஒரு திட்டத்தின் கீழ், வரிசையாக நின்ற தமிழர் வீடுகளின் முகப்புகள் திண்ணையும் தாழ்வாரமுமாகச் செப்பனிடப்பட்டன. அவ்வீதிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று கிடைத்தது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு தந்தை தம் மகளுக்காக 1939இல் கட்டிய ‘விசாலம்’ என்னும் வீடு, இன்று பயணியர் தங்கும் விடுதியாக வாழ்கிறது.

அதே செட்டிநாட்டில் மற்றொரு காட்சியும் உண்டு. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில், இடித்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் விலைக்கு நிற்கின்றன. அவற்றை வாங்கி நகரத்து உணவு விடுதிகளில் அலங்காரமாக நிறுத்துகிறார்கள். கூரையைத் தாங்கிய தூண் அங்கே எதனையும் தாங்காமல் நிற்கிறது. பழமையின் சாயலை விலைக்கு வாங்கலாம். பழைய வீட்டை அவ்வாறு வாங்க இயலாது.

பழுதுபார்ப்பது எளிதன்று என்பதை நான் அறிவேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகி வருகின்றனர். உடன்பிறந்தார் பாகம் பிரிக்கையில் முற்றத்தின் நடுவிலேயே சுவர் எழும்புகிறது. பல வீடுகளை அழித்தது மழையன்று, இந்த நடுச்சுவரே. ஒரு கிளையினர் மற்றவர் பங்குக்கு ஈடு கொடுத்து வீட்டை முழுமையாக வைத்துக்கொள்ள இசைந்தால், இச்சுவரைத் தவிர்க்கலாம்.

மாணவர்களே, வரும் விடுமுறையில் ஒன்று செய்யுங்கள். அளவு நாடாவோடு உங்கள் ஊரின் பழைய வீடு ஒன்றுக்குச் செல்லுங்கள். உரியவரின் இசைவு பெற்று, அதன் படத்தை வரையுங்கள். உத்திரம், கைமரம், மச்சு என ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் மூத்தோரிடம் கேட்டு எழுதுங்கள். எந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறது, எங்கே நீர் ஒழுகுகிறது என்று குறியுங்கள். அவ்வீட்டைப் பற்றிய முடிவு எடுக்கப்படும் நாளில், உங்கள் ஏட்டை அங்கே கொண்டுபோய் வையுங்கள். கண்டறிந்த பிறகு இடிப்பதும் ஒரு முடிவே. காணாமலே இடிப்பதுதான் இழப்பு.