ஆமை ஓடும் பிள்ளை எலும்பும்



குடும்ப நலம் பேச வந்தவள் ஆமையைப் பற்றி ஏன் பேசுகிறாள் என்று சிலர் சிரிக்கலாம். காரணம் இருக்கிறது. மழை ஓய்ந்த நாட்களில் ஆடு மேய்க்கப் போகிற பையன்கள் முட்புதர் ஓரத்தில் ஒரு ஆமைக்குட்டியைக் கண்டெடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். கறுத்த ஓடு, அதில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருக்கும். பார்க்க அழகுதான். வீட்டில் தவழுகிற குழந்தைக்கு அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் கிடையாது என்று பெற்றோரும் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் என் வேலை ஆரம்பிக்கிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், வீட்டில் வைத்து வளர்ப்பதும் 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனை உண்டு. 2019 ஆம் ஆண்டில் உலக நாடுகள் கூடி, வியாபாரத்துக்காக இதை நாடு விட்டு நாடு கொண்டு போவதையும் தடை செய்துவிட்டன. “ஆமை புகுந்த வீடு உருப்படாது” என்று ஒரு கூட்டம் சொல்கிறது. ஆமை வைத்தால் பணம் சேரும் என்று இன்னொரு கூட்டம் ரகசியமாக விலை கொடுத்து வாங்குகிறது. என்னைக் கேட்டால் இரண்டும் வெறும் பேச்சு. ஆனால் அந்த இரண்டாவது பேச்சை நம்புகிறவர்களால்தான் இந்தப் பிராணி காட்டில் குறைந்து வருகிறது.

சரி, வீட்டுக்கு வந்த குட்டி என்ன ஆகிறது? இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். ஏனென்றால் ஆமையின் ஓட்டைப் புரிந்துகொண்டால் உங்கள் குழந்தையின் காலும் கையும் எப்படி வளர்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

ஆமையின் ஓடு நத்தைக் கூடு போன்றது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அது உயிருள்ள எலும்பு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று ஒன்றோடொன்று ஒட்டித்தான் அந்த ஓடு ஆகியிருக்கிறது. மேலே கட்டம் கட்டமாகத் தெரிவது, நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள். நடு வரிசையில் ஐந்து கட்டம், இருபுறமும் நான்கு நான்கு, ஆகப் பெரிய கட்டம் பதின்மூன்று. குட்டி வளர வளர ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பிலும் புது வளையம் ஒன்று சேர்ந்துகொண்டே போகும். ஓட்டைத் தட்டினால் ஆமைக்கு வலிக்கும். பிள்ளைகள் அதில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டுவது உண்டு. எலும்பில் துளை போடுகிற வேலை அது, தயவு செய்து தடுத்துவிடுங்கள்.

இப்படி எலும்பு வளருவதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தின்ற சுண்ணாம்புச் சத்து குடலிலிருந்து இரத்தத்தில் ஏற வேண்டுமானால் வைட்டமின் டி வேண்டும். அந்த வைட்டமினைத் தோல் வெயிலிலிருந்து உண்டாக்குகிறது. காட்டில் திரிகிற ஆமைக்குப் புல்லும் பூண்டும், உதிர்ந்த பூவும் பழமும் கிடைக்கின்றன. வெயில் கிடைக்கிறது. மழைக்காலத்து ஈரமும் கிடைக்கிறது. வீட்டிலோ அதை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, அடுப்படி மூலையில் வைத்து, சோறும் பாலும் பிஸ்கட்டும் போடுகிறோம். பால் அதற்குச் செரிக்காது. சோற்றில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்றே சொல்லலாம். சன்னலோரக் கண்ணாடி வழியாக விழுகிற வெளிச்சத்தில் வைத்தாலும் பயனில்லை. தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். சில மாதத்தில் ஓடு இருக்க வேண்டிய உறுதி இல்லாமல் விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. கால் வளைகிறது. உடம்பைத் தூக்கி நடக்க முடியாமல் வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறது.

இன்னொன்றும் உண்டு. கட்டங்கள் தட்டையாகப் பரவாமல் ஒவ்வொன்றும் கோபுரம் மாதிரி கூம்பி நிற்கும். புரதம் அதிகமானதால்தான் இப்படி ஆகிறது என்று வெகுநாள் சொல்லி வந்தார்கள். 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், ஆப்பிரிக்க ஆமைக்குட்டிகளை வளர்த்துப் பார்த்தபோது, தீனியைவிடக் காற்றில் ஈரம் குறைந்ததுதான் பெரிய காரணம் என்று தெரிந்தது. நம் நட்சத்திர ஆமைக்கு இயற்கையிலேயே ஓடு சற்று மேடாகத்தான் இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் வீட்டில் வளர்ந்ததையும் காட்டில் வளர்ந்ததையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். ஒருமுறை கூம்பின ஓடு பிறகு சரியாவதில்லை.

ஒரு கூட்டத்தில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வயதான அம்மா ஒருவர் எழுந்து, “ஏம்மா, எம் பேரனுக்கும் கால் வில்லாட்டம் வளைஞ்சிருக்கே, அவனும் வீட்டுக்குள்ளேயே கிடக்கிற பயதான், அதுவும் இதேதானா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. இதேதான் இருக்கலாம். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குக் கால் லேசாக வளைந்திருப்பது இயல்பு. இரண்டு வயதைத் தாண்டியும் வளைவு கூடிக்கொண்டே போனால், மணிக்கட்டு வீங்கினாற்போல் பருத்திருந்தால், நடக்க நாளானால், டாக்டரிடம் காட்ட வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் நிமிராது. காலத்தில் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். இந்த விஷயத்தில் ஆமையைவிட நம் பிள்ளைகள் பாக்கியசாலிகள்.

வெயில் என்றால் காலை ஏழு மணி இளவெயில் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் இந்த வைட்டமின் மிகவும் குறைவாகத்தான் உண்டாகும். நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழுகிற நேரத்து வெயில்தான் இதற்கு உதவும். அதற்காகப் பச்சைக் குழந்தையை உச்சி வெயிலில் கிடத்திவிடாதீர்கள். கைக்குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து இருக்கிறது, டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். ஓடியாடுகிற பிள்ளையை வெளியே விளையாட விடுங்கள், போதும். சாப்பாட்டில் கேழ்வரகு சேருங்கள். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. முருங்கைக் கீரையும் அகத்திக் கீரையும் காசில்லாமல் கிடைப்பவை.

தாய்மார்களுக்கு ஒன்று. வயிற்றுப் பிள்ளைக்கும் பால் குடிக்கிற பிள்ளைக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து உங்கள் சாப்பாட்டில் இல்லையென்றால் உங்கள் எலும்பிலிருந்து போகிறது. ஆகவேதான் கர்ப்பத்தின் 14 ஆவது வாரம் முதல், பிள்ளை பிறந்து 6 மாதம் வரை, தினம் இரண்டு கால்சியம் மாத்திரை சாப்பிடச் சொல்கிறோம். சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பால் மறந்த பிறகு தாயின் எலும்பு மறுபடியும் தேறிக்கொள்ளும். அதற்குள் அடுத்த பிள்ளை வந்துவிட்டால் தேற நேரம் ஏது? மூன்று வருஷ இடைவெளி என்று நாங்கள் ஓயாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். காப்பர்-டி, ஊசி, மாத்திரை, ஆணுறை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டுக்காரரும் கூட வந்து கேட்டுக்கொண்டால் நல்லது.

இப்போது என்னை இந்தப் பேச்சுக்கு இழுத்து வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆமையின் குடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி குடியிருக்கும். ஆமைக்கு அதனால் நோய் வராது, பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் கழிவின் வழியாக அந்தக் கிருமி ஓட்டிலும், வாளியிலும், தரையிலும் ஒட்டிக்கொள்ளும். குழந்தை ஆமையைத் தடவிவிட்டு விரலைச் சப்பும். குட்டி ஆமையாக இருந்தால் அதையே வாயில் வைக்கும். அமெரிக்காவில் இப்படிப் பிள்ளைகளுக்கு நோய் பரவியதால், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்பதையே 1975 ஆம் ஆண்டில் தடை செய்தார்கள்.

இந்தக் கிருமியால் காய்ச்சலும் வயிற்று வலியும் வயிற்றுப்போக்கும் வரும். பெரியவர்கள் தாங்கிவிடுவார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குக் கிருமி இரத்தத்திலேயே கலந்துவிடக்கூடும். ஆகவே அந்த வயதில் பேதியோ காய்ச்சலோ கண்டால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்து, ஒவ்வொரு தடவை போகும்போதும் கொடுங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர். மேலே என்றால் அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். செவிலியர் தருகிற துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் கொடுங்கள். மலத்தில் இரத்தம், கண் குழி விழுவது, பிள்ளை துவண்டு போவது, குடிக்க மாட்டாமல் இருப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

இனி, வீட்டில் இப்போது ஆமை வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? அதைக் கிணற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். நட்சத்திர ஆமை தரையில் வாழ்கிற பிராணி. ஆழத் தண்ணீரில் போட்டால் மூழ்கிச் செத்துவிடும். புண்ணியம் என்று நினைத்துக் கோயில் குளத்தில் விடுகிறவர்கள் அதைக் கொல்லத்தான் செய்கிறார்கள். தண்ணீரில் வாழ்கிற ஆமையைக் கிணற்றில் விட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்று சில ஊர்களில் நம்புகிறார்கள். அந்த ஆமையிடமும் இதே கிருமி உண்டு. கிணற்றுத் தண்ணீர் சுத்தமாக பிளீச்சிங் பவுடர்தான் வழி. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் கலந்து, ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் இறைக்க வேண்டும்.

தோன்றுகிற காட்டில் கொண்டுபோய் விடுவதும் வேண்டாம், காட்டு ஆமைகளுக்கு நோயைப் பரப்பிவிடலாம். பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வருகிற வரையில், காற்றுப் போகத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் ஈரச்சாக்கு விரித்து, நிழலில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தின்னக் கொஞ்சம் அறுகம்புல் போட்டால் போதும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அது இருந்த வாளியைச் சமையல் பாத்திரம் கழுவுகிற இடத்தில் கழுவாமல், வீட்டுக்கு வெளியே கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊற வைத்து, வெயிலில் கவிழ்த்துவிடுங்கள்.