ஓட்டையை அறிந்தாற் போதுமா?

  

கணிப்பொறிக் காவலைக் கற்கப் புகுவோர் இரு திறங்களைப் பயிலல் வேண்டும். பகைவன் புகுமுன் ஓட்டையைத் தேடல் ஒன்று. புகுந்தபின் எதிர்கொள்ளல் மற்றொன்று.

2017 மே 12 அன்று வானாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிற்று. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவத்துறையில் 236 அமைப்புகளுள் மூன்றில் ஒரு பங்கு அல்லலுற்றது. 19,000க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் தவறியிருக்கும் என மதிப்பிட்டனர்.

அவ்வோட்டை எவரும் அறியாததோ? அன்று! மைக்ரோசாப்டு நிறுவனம் மார்ச்சு 14 அன்றே திருத்த நிரலை வெளியிட்டிருந்தது. இடையில் இருந்தவை முழுதாக 59 நாள்கள்! தாக்குதலுக்கு முன்னர் 88 அமைப்புகளை நேரிற் சென்று ஆய்ந்தனர். அவற்றுள் ஒன்றேனும் தேறவில்லை. ஆயினும், திருத்துமாறு கட்டாயப்படுத்தும் அதிகாரம் ஆய்ந்தவர்க்கு அன்று இருக்கவில்லை. நோயைக் கண்டனர், மருந்தும் இருந்தது, ஊட்டுவார்தாம் இலர்!

ஓட்டை தேடும் கருவி செய்வதென்ன? வலையமைப்பிலுள்ள பொறிகளை எண்ணுகிறது. எவ்வெவ் வாயில்கள் திறந்துள்ளன, எப்பதிப்பு நிரல்கள் இயங்குகின்றன என வினவுகிறது. அறியப்பட்ட குறைகளின் பட்டியலோடு ஒப்பிடுகிறது. அவ்வளவே. எதை முதலில் அடைப்பது, யார் அடைப்பது, என்றைக்குள் அடைப்பது என்பவற்றை மாந்தரே முடிவு செய்தல் வேண்டும். ஒன்றை மறவாதீர்: உரியவரின் எழுத்திசைவின்றிப் பிறர் பொறியைத் துழாவுதல் கல்வியன்று, குற்றம்.

இனி, எதிர்கொள்ளல். தாக்குண்ட பொறியை வலையினின்று பிரித்தல், பரவலைத் தடுத்தல், தீநிரலை வேரறுத்தல், காப்புப்படியினின்று மீட்டல், நிகழ்ந்ததை எழுதிவைத்துப் பாடங்கற்றல் எனப் படிகள் பல. இங்கிலாந்திலும் திட்டம் ஏட்டில் இருந்தது. ஆயினும் ஊர்தோறும் ஒத்திகை பார்க்கப்படவில்லை. எனவே தலைமை தாங்குவார் யாரென்பதே உடன் விளங்கவில்லை. மின்னஞ்சல் முடங்கவே, கைப்பேசிகளை நாடினர்.

ஆகவே மாணவர்காள்! கருவியை இயக்கக் கற்பதோடு அமையாதீர். கண்ட குறை அடைபட்டதா என மீண்டும் ஆய்ந்து பாருங்கள். தீப்பற்றுமுன்பே நீர்க்குடம் எங்கென்றும் அதைத் தூக்குவார் யாரென்றும் உறுதிசெய்யுங்கள். காப்புப்படியினின்று ஒருமுறையேனும் மீட்டுப் பாருங்கள். பட்டியல் காவலாகாது, அடைத்த வாயிலே காவல்!