கண்ணாடியைக் கழற்றலாமா?

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், ஒரே வகுப்புத் தோழிகள் நால்வர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை எழுதியவர்கள் நால்வர். ஒரே வகுப்பில் முன்வரிசை வாங்கில் இருந்தவர்கள். கெட்டிக்காரிகள் என்பதால் முன்வரிசை கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். பின்னுக்கு இருந்தால் எங்களுக்குக் கரும்பலகை தெரியாது. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதியபோது கணித ரீச்சரிடம் பிடிபட்டோம். முதலில் ஏசினார். பிறகு கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் நாலு வீட்டுக்கும் கடிதம் போனது: "பிள்ளையின் கண்ணைப் பரிசோதிக்கவும்." அந்தக் கடிதத்தால்தான் எங்களுக்கு முதற்கண்ணாடி கிடைத்தது. கண்ணாடி போட்ட அன்று, பள்ளி முற்றத்து வேம்பில் இலைகள் தனித்தனியாக இருப்பதைக் கண்டு அதிசயித்தோம்.

இன்று நாங்கள் ஐம்பதை எட்டிப் பிடிக்கிறோம். எங்களில் ஒருத்தியின் மகளுக்கு 22 வயது. போன வருடம் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். எல்லாம் பொருந்தியது. மாப்பிள்ளையின் தாயார் மட்டும், "இப்ப லேசர் இருக்குத்தானே, கண்ணாடியை எடுத்துவிடலாமே" என்றார். பிள்ளை எங்கள் நால்வரையும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் பிடித்தாள். "அன்ரிமார், செய்யலாமா, கூடாதா? ஒரு முடிவு சொல்லுங்கோ" என்றாள். நாங்கள் நால்வரும் நாலு முடிவு சொன்னோம். அதற்குப் பின் நாங்கள் இருந்து பேசியதும், தேடி வாசித்ததும், வைத்தியர்களிடம் கேட்டதுமே இந்த உரை. எங்களில் ஒருவரும் கண் வைத்தியர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுத் தொடங்குவோம். நீரிழிவினால் விழித்திரை பழுதானவர்களுக்கும் லேசர் பாய்ச்சுவார்கள். கண்புரை எடுத்த பின் பார்வை மீண்டும் மங்கினாலும் லேசர் பாய்ச்சுவார்கள். அவை நோய்க்கான வைத்தியம். வைத்தியர் சொன்னால் தள்ளிப்போடக் கூடாது. நாங்கள் பேசுவது நோயில்லாத கண்ணில், கண்ணாடியை விடுவதற்காகச் செய்யும் சத்திரசிகிச்சையைப் பற்றி. இங்கே யோசிப்பதற்கு நேரமும் உண்டு, உரிமையும் உண்டு.

குறும்பார்வை உள்ளவர்களின் கண்ணில் தூரத்துப் பொருளின் விம்பம் விழித்திரைக்கு முன்பாகவே விழுந்துவிடுகிறது. குழிவு வில்லை அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. லேசர் அதே வேலையைக் கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி போன்ற விழிவெண்படலத்திலேயே செய்கிறது. நடுப்பகுதியில் மிக மெல்லியதாகச் சீவி, அதன் வளைவைக் குறைத்துவிடுகிறது.

இந்தக் கண்டுபிடிப்பில் எங்கள் மொழி வழங்கும் ஒரு நகரத்துக்கும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா சென்ற இரங்கசாமி ஸ்ரீனிவாசன், ஐபிஎம் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய இரசாயனவியலாளர். 1981 இல், நன்றியறிதல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் எக்சைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றியுள்ள பகுதியைக் கருக்காமல் அது சுத்தமாக வெட்டியது. பின்னர் 1980களின் இறுதியில் மார்கரீட் மக்டொனால்ட் என்ற பெண் வைத்தியர் குறும்பார்வைக்காக இந்த லேசரைப் பார்வையுள்ள மனிதக் கண்ணில் முதன்முதலில் பயன்படுத்தினார். அந்தக் கண்ணும் ஒரு பெண்ணினுடையது. புற்றுநோயால் அவருடைய கண்ணை எப்படியும் அகற்ற வேண்டியிருந்தது. அதற்கு முன் பரிசோதித்துப் பாருங்கள் என்று அவரே முன்வந்து கொடுத்தார். இன்று பத்து நிமிடத்தில் முடியும் காரியத்துக்குப் பின்னால் இப்படியும் ஒரு கொடை இருக்கிறது.

இனி எங்கள் நாலு கதைகள்.

முதலாமவள் லண்டனில் தாதி. முகக்கவசம் போட்டால் கண்ணாடியில் ஆவி படியும். இரவு வேலையில் கழற்றித் துடைத்தே களைத்துப்போவாள். கொன்டாக்ட் லென்ஸ் போட்டபடி நித்திரையாகி, கண்ணில் தொற்று வந்து பயந்தும் இருக்கிறாள். முப்பத்திரண்டு வயதில் லாசிக் செய்தாள். அடுத்த நாள் காலை சுவர் மணிக்கூட்டைப் படுக்கையில் இருந்தபடியே பார்த்தாளாம். இன்றுவரை அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வெள்ளெழுத்து வந்துவிட்டது; வாசிக்க இப்போது கண்ணாடி வேண்டும். நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிவிடும். விழிவெண்படலத்தைச் சீவுவதால் அது தடைப்படாது.

இரண்டாமவள் ரொறன்ரோவில் இருக்கிறாள். விளம்பரத்தில் கழிவு விலை கண்டு போனாள். ஒரு பின்னேரம் சோதித்தார்கள், அடுத்த நாள் செய்தார்கள். லென்ஸ் போட்டால் அவளுக்குக் கண் காய்ந்து உறுத்துவது முன்பே உண்டு. அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கையெழுத்திட்ட தாளை வாசிக்கவுமில்லை. பார்வை தெளிந்தது, தூரத்து வீதிப் பலகையை வாசிப்பாள். ஆனால் இரவில் எதிரே வரும் காரின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தது. ஒரு வருடத்தில் அது குறைந்தது. வரட்சி குறையவில்லை. ஒன்பது வருடமாகக் கைப்பையில் சொட்டு மருந்து. "கண்ணாடி போனது, போத்தல் வந்து குந்தியது" என்று சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். லாசிக்கில் மேற்படையை மடலாக வெட்டித் திறக்கும்போது விழிவெண்படலத்தின் மெல்லிய நரம்புகளும் அறுபடும். அவை மீள வளரக் காலம் எடுக்கும். ஏற்கெனவே கண் வரண்டவர்கள் இதில் கூடக் கஷ்டப்படலாம் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாமவள் கொழும்பில் இருக்கிறாள். அவளைச் சோதித்த வைத்தியர் "உங்களுக்கு வேண்டாம்" என்றார். அன்று காருக்குள் இருந்து அழுதாள். காரணத்தை எங்கள் நாலாமவள், கணித ஆசிரியை, கழித்தற் கணக்காகப் போட்டுக் காட்டினாள். விழிவெண்படலத்தின் சராசரித் தடிப்பு அண்ணளவாக 540 மைக்ரோன், அதாவது அரை மில்லிமீற்றர். மடலுக்கு 110 போகும். ஒவ்வொரு பவருக்கும் ஏறத்தாழ 14 சீவ வேண்டும். 6 பவர் என்றால் 84. மிச்சம் 346. குறைந்தது 250 ஆவது மிஞ்ச வேண்டும் என்பது வைத்தியர்கள் பொதுவாக வைத்திருக்கும் எல்லை. எங்கள் தோழிக்கோ தடிப்பு 485, பவர் 9. கழித்துப் பாருங்கள்: 249. போதாக்குறைக்கு அவளுடைய விழிவெண்படலத்தின் வரைபடத்திலும் ஒழுங்கின்மை தெரிந்தது. அப்படியான கண்ணைச் சீவினால் அது பலம் குன்றி முன்னே புடைத்து, கண்ணாடியாலும் திருத்த முடியாத பார்வைக்குக் கொண்டுபோய் விடலாம். அன்று காசை வாங்காமல் "வேண்டாம்" என்று சொன்ன வைத்தியரை இன்று அவள் நன்றியோடு நினைக்கிறாள்.

நாலாமவள், அந்தக் கணித ஆசிரியை, செய்யவே இல்லை. "கண்ணாடி எனக்குத் தொந்தரவு தரவில்லை. கழற்றிவிட்டு இந்த வயதிலும் ஊசியில் நூல் கோர்க்கிறேன்" என்பாள். உண்மைதான். குறும்பார்வைக்காரருக்குக் கிட்டப்பார்வை ஒரு வரம். தூரத்தைத் திருத்தினால் அது போய்விடும்.

நாலு கதையை வைத்து முடிவு சொல்லலாமா? கூடாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மற்ற அரச நிறுவனங்களுடன் சேர்ந்து லாசிக் செய்தவர்களிடமே கேட்டு நடத்திய ஆய்வு 2017 இல் வெளியானது. பார்வையில் திருப்தி என்றவர்கள் 95 வீதத்துக்கும் மேல். அதே ஆய்வில், முன்பு வரட்சி இல்லாதவர்களில் 28 வீதம் வரையானோர் மூன்று மாதத்தில் வரட்சியைச் சொன்னார்கள். முன்பு ஒளிவட்டம் காணாதவர்களில் 40 வீதம் வரையானோர் அதைக் கண்டார்கள். அன்றாட வேலைக்கே மிகுந்த கஷ்டம் என்றவர்கள் ஒரு வீதத்துக்கும் குறைவு. இரண்டு பக்கமும் உண்மை. பெரும்பாலானோர் மகிழ்கிறார்கள், அவர்களிலும் பலர் ஏதோ ஒரு சின்னத் தொல்லையோடுதான் மகிழ்கிறார்கள்.

எனவே பிள்ளைக்கு நாங்கள் சொன்னது இதுதான். "ஆபத்தா?" என்று கேட்டால் "பெரும்பாலும் இல்லை" என்றுதான் பதில் வரும். "என் கண்ணுக்கு ஆபத்தா? அந்தச் சிறு தொகையில் நான் விழுந்தால் அதோடு வாழச் சம்மதமா?" என்று கேள். அதற்குப் பதில் சொல்லச் சில விபரங்கள் வேண்டும். உன் பவர் ஒரு வருடமாவது மாறாமல் நிற்கிறதா? விழிவெண்படலத்தின் தடிப்பையும் வரைபடத்தையும் பார்த்தார்களா? அந்தச் சோதனைக்கு முன் கொன்டாக்ட் லென்சை வைத்தியர் சொன்ன காலத்துக்கு நிறுத்தினாயா? கண் வரட்சி, மூட்டுவாதம், லூபஸ், நீரிழிவு ஏதும் உண்டா? கர்ப்பமாக இருக்கும்போதும் பாலூட்டும்போதும் பவர் மாறக்கூடும். அப்போது செய்ய வேண்டாம். மடல் வெட்டாத முறைகளும் உண்டு, கண்ணுக்குள் வில்லை வைக்கும் முறையும் உண்டு. உனக்கு எது, ஏன் என்று கேள். பிறகு ஏதும் நடந்தால் யார் பார்ப்பார்கள், யார் செலவு என்றும் கேள். அன்றே முற்பணம் கட்டச் சொன்னால் எழும்பி வா.

செய்துகொண்டவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பழைய அளவுகளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நாளை கண்புரைக்கு வில்லை வைக்க அளவெடுக்கும்போது அவை உதவும். கண்ணின் அழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஆகவே லேசர் செய்ததை ஒவ்வொரு கண் வைத்தியருக்கும் சொல்லுங்கள். கூடிய பவர் இருந்தவர்கள் விழித்திரைப் பரிசோதனையை விடக் கூடாது. கண்ணாடி போனாலும் கண்ணின் நீளம் மாறவில்லை. விழித்திரை கழரும் ஆபத்து அப்படியே இருக்கிறது.

பிள்ளை போய்ச் சோதித்தாள். தடிப்புப் போதும், வரைபடமும் நல்லது. ஆனால் பவர் ஒரு வருடத்தில் அரை கூடியிருந்தது. பொறுக்கச் சொன்னார் வைத்தியர். வீட்டுக்கு வந்து தாயிடம் சொன்னாள்: "அம்மா, பவர் நின்ற பிறகு நான் செய்யவும் கூடும். எனக்கு நீந்த விருப்பம், அதற்காகச் செய்வேன். அவையின்ரை அல்பத்துக்காகச் செய்யமாட்டேன்." அந்தச் சம்பந்தம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பேச்சு இன்னும் நடக்கிறது. பிள்ளை அனுப்பிய புதுப் படத்தில் கண்ணாடி இருக்கிறது.

அன்றைக்கு எங்கள் கணித ரீச்சர் எங்களைக் கண்ணாடி போட வைத்தது அழகுக்காக அல்ல. கரும்பலகையை நாங்களே பார்த்து, கணக்கை நாங்களே செய்ய வேண்டும் என்பதற்காக. கண்ணாடியை வைத்திருப்பதோ கழற்றுவதோ, அந்தக் கணக்கையும் எங்கள் பெண்பிள்ளைகள் தாங்களே செய்யட்டும்.