படத்துக்குச் சாயம் போடாதீங்க

நான் பத்தாவது வரை படிச்சவ. மேடையில் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க குழுவில் பனையோலைக் கொட்டான் முடையிறோம். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புறது என் பொறுப்பு. திண்ணையில் வச்சு எடுத்தா, பின்னாடி வெயில் வெள்ளையா அடிக்கும், கொட்டான் கருப்பா விழும். அப்புறம்தான் போன் கேமராவில் எச்.டி.ஆர். இருக்கிறதை என் மகள் காட்டினா. அதில் எடுத்தா, போன் இருட்டாவும் வெளிச்சமாவும் சில படங்களைச் சட்டுனு எடுத்து ஒண்ணா சேர்த்துடும். வெயிலும் தெரியும், நிழலில் இருக்கிற பின்னலும் தெரியும். கை மட்டும் அசையக் கூடாது. அசைஞ்சா ஓரம் ரெட்டையா விழும்.

அதோட நிறுத்தாம, ஸ்னாப்சீட் செயலியில் எச்.டி.ஆர். ஸ்கேப் போட்டு, நிறத்தையும் கூட்டினேன். கருஞ்சிவப்புக் கொட்டான் ரோஜாப்பூ மாதிரி மின்னுச்சு. வளைகாப்புக்குன்னு ஒரு அம்மா 40 கொட்டான் கேட்டாங்க. ஆறு பேர் ராத்திரி பகலா முடைஞ்சு அனுப்பினோம். "படத்தில் பார்த்த நிறம் இது இல்லையே"ன்னு அத்தனையும் திரும்பி வந்துடுச்சு. பஸ் பார்சல் கூலியும் எங்க தலையில். கடைசியில் உள்ளூரில் பாதி விலைக்குக் கொடுத்தோம்.

குழுக் கூட்டத்தில் நான் தலை நிமிரலை. யாரும் திட்டலை. எங்க தலைவி அக்கா ஒண்ணுதான் கேட்டாங்க: "நாம ஓலைக்குத்தானே சாயம் போட்டோம், நீ படத்துக்கும் போட்டியா?"

இப்போ வெளிச்சத்தை மட்டும்தான் சரி பண்றேன். நிறத்தைத் தொடுறதில்லை. அனுப்புறதுக்கு முன்னாடி கொட்டானைப் பக்கத்தில் வச்சு ஒத்துப் பார்ப்பேன். இன்னொருத்தர் போனிலும் பார்ப்பேன், ஏன்னா திரைக்குத் திரை நிறம் மாறும். வாட்ஸ்அப்பில் சாதாரணமா அனுப்பினா படம் சுருங்கிடும். எச்.டி. தொட்டு அனுப்பினா பின்னல் தெளிவா இருக்கும். டாக்குமெண்டா அனுப்பினா அப்படியே போகும். ஆனா படம் எடுத்த இடமும் அதோட போயிடலாம். அதனால கேமராவில் லொக்கேஷனை அணைச்சிட்டு எடுங்க.

அந்த அம்மாவுக்கும் ஒரு படம் அனுப்பினேன், உள்ள நிறத்தோட. போன மாசம் 15 கொட்டான் கேட்டிருக்காங்க. நம்ம கைவேலையை அது இருக்கிறபடியே காட்டுவோம்.